குண்டலகேசி மலை இறங்கியபோது

பள்ளியின் பழைய மாணவர் மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். மைதானம், விடுதிச் சாப்பாடு, பள்ளி விட்டதும் வாங்கித் தின்ற தட்டுவடை செட்டு இவற்றையெல்லாம் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். போன மலரில் பாதிப் பக்கம் தட்டுவடை செட்டுதான். நான் பிளஸ் ஒன் வகுப்பில் தமிழையா கேட்ட ஒரு கேள்வியைப் பற்றி எழுதுகிறேன். காப்பியத்துக்கும் நாவலுக்கும் என்னடா வித்தியாசம்?

"காப்பியம் செய்யுள், நாவல் உரைநடை" என்று வகுப்பே கத்தியது. ஐயா அதை ஒரே அடியில் சாய்த்தார். சிலப்பதிகாரம் தன்னை 'உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்' என்றுதான் சொல்லிக்கொள்கிறது. அதியமானின் தகடூர்ப் போரைப் பாடும் தகடூர் யாத்திரையும் பாட்டும் உரையும் கலந்ததுதான் என்று பழைய உரைகாரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நூல் முழுதாகக் கிடைக்கவில்லை, சில பாடல்களே மிச்சம். தகடூர் என்பது தருமபுரி. 1965 வரை தருமபுரி சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. "அதியமான் சண்டை நம்ம ஜில்லாச் சண்டைடா" என்பார் ஐயா, என்னவோ அவரே வேல் பிடித்து நின்றதுபோல.

அடுத்து முதல் பெஞ்சுக்காரன் எழுந்து, காப்பியத்துக்கு இலக்கணம் சொல்லும் தண்டியலங்காரத்தை ஒப்பித்தான். வாழ்த்து, வணக்கம், வருபொருள், தன்னிகர் இல்லாத் தலைவன், மலை, கடல், நாடு, வளநகர் என்று மூச்சு விடாமல். ஐயா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கோவலன் தன்னிகர் இல்லாத் தலைவனாடா?" என்றார். அவன் உட்கார்ந்துவிட்டான்.

அப்புறம்தான் ஐயா தன் கட்சியைச் சொன்னார். எங்கள் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். துரியோதனன் சாவான் என்பது முதல் நாளே ஊருக்குத் தெரியும். தெரிந்தும், அவன் விழும் படுகளத்தன்று, மண்ணால் செய்த அந்தப் பெரிய துரியோதனனைப் பார்க்க விடியற்காலையில் கூட்டம் நெரியும். சிலப்பதிகாரமும் அப்படியே. கோவலன் கொலையுண்டதையும் மதுரை எரிந்ததையும் முன்னுரையான பதிகத்திலேயே சொல்லிவிட்டுத்தான் கதையைத் தொடங்குகிறது. நாவலின் முடிவை எவனாவது முன்னாலேயே சொன்னால் அடிக்கப் போவோம். காப்பியத்தை ஊர் கூடிக் கேட்டது. தெரிந்த கதையை மறுபடி கேட்பதில் அதற்கு ஒரு நிறைவு. நாவலோ அச்சகத்தோடு வந்தது, தனியாக உட்கார்ந்து வாசிப்பவனுக்காக. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் அச்சேறியது. ராஜமய்யரின் கமலாம்பாள் சரித்திரம் 1893இல் விவேக சிந்தாமணிப் பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கியது. அடுத்த இதழ் வரும்வரை கதை என்னாகும் என்று காத்திருக்கும் வாசகனைக் கம்பர் கண்டதில்லை.

இதெல்லாம் பரீட்சைக்கு எழுதலாம். எனக்கு மனசில் நின்றது அதற்குப் பிறகு வந்த குண்டலகேசிதான்.

சேலத்துப் பிள்ளைகளுக்குக் குண்டலகேசி சொல்லிக்கொடுப்பது சுலபம். மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் எடுத்த மந்திரி குமாரி அந்தக் கதையிலிருந்து வந்ததுதான். ஏற்காடு சாலையில் அந்த ஸ்டுடியோவின் வளைவைத் தாண்டாமல் எங்களில் பாதிப் பேர் வளரவில்லை. வணிகர் மகள் பத்திரை (குண்டலகேசி என்பவள் இவள்தான்), கொலைக்களம் போகும் கள்வன் ஒருவன்மேல் ஆசைப்பட்டு அவனை மீட்டு மணக்கிறாள். ஊடலில் 'நீ கள்வன்தானே' என்று வாய் தவறிச் சொல்லிவிட, அவன் மனசில் அது முள்ளாகத் தங்குகிறது. கொல்ல நினைத்து மலையுச்சிக்குக் கூட்டிப் போகிறான். அவள் புரிந்துகொண்டு, சாகுமுன் கணவனை வலம் வரவேண்டும் என்று கேட்டு, பின்னால் வந்ததும் தள்ளிவிடுகிறாள். பிறகு துறவியாகி, பல சமயத்தாரோடு வாதாடி, பௌத்தத்தில் சேர்கிறாள்.

இந்த இடத்தில் கடைசி பெஞ்சிலிருந்து, அம்மாபேட்டையில் தறி நெய்யும் குடும்பத்துப் பையன், அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவன், கேட்டான்: "தள்ளிவிட்டுட்டு அவ தனியா எப்படிங்கய்யா மலை எறங்குனா?"

ஐயா சாக்பீசைக் கீழே வைத்துவிட்டார். "அதை எழுதினா நாவல்டா."

நான் இன்றுவரை இதைவிட நல்ல விளக்கம் படிக்கவில்லை. காப்பியத்துக்கு அவள் துறவியானது போதும், அறம் நிலைபெற்றாயிற்று. நாவலுக்கு வேண்டியது அந்த இறக்கம். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் இறங்கினாலே தலை சுற்றும் நமக்கு, ஆளைக் கொன்றவள் கால் நடையாக இறங்கியதை நினைத்துப் பாருங்கள். தாலியைக் கழற்றினாளா, வழியில் தண்ணீர் குடித்தாளா, எதிரே விறகுக்காரன் வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொண்டாள்? அவளுக்கே தான் செய்தது சரியென்று எந்த வளைவில் தோன்றியது, எந்த வளைவில் தோன்றாமல் போயிற்று?

குண்டலகேசியில் மிஞ்சிய சில செய்யுள்களில் ஒன்று பாடப்புத்தகத்தில் இருந்தது. குழந்தைப் பருவம் செத்தது, இளமை செத்தது, இனி மூப்பு என்று அடுக்கிக்கொண்டே போய், 'நாளும்நாள் சாகின் றாமால் நமக்குநாம் அழாத தென்னோ' என்று முடியும். நாலு வரியில் மனித குலம் முழுவதற்கும் அழுதுவிடுகிறது. நாவலாசிரியன் யாருக்கும் அந்தத் துணிச்சல் வராது. அவன் பத்திரை ஒருத்திக்காக முந்நூறு பக்கம் அழுவான்.

ஆனால் ஐயாவோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. சிலம்பில், கொலைக்களக் காதையில், மாதரி வீட்டில் கண்ணகி காய் அரிகிறாள். விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. காய்கறிப் பட்டியலே இருக்கிறது. மாம்பழமும் உண்டு (மதுரையில் என்ன மாம்பழம் கிடைத்திருக்கும், அதை விடுங்கள்). இன்னும் சிறிது நேரத்தில் கோவலன் சாகப்போகிறான், ஊருக்கே தெரியும். அவளுக்குத் தெரியாது. அவள் பாட்டுக்கு அரிந்துகொண்டிருக்கிறாள். இதை நாவல் இல்லை என்று எப்படிச் சொல்வது? துபாயில் வேலைக்கு வந்த புதிதில், அறையில் தனியாகச் சமைக்கும்போதெல்லாம் கம்பனோ பாரதமோ அல்ல, இந்த இடம்தான் ஞாபகம் வரும்.

இதே நியாயத்தில் குண்டலகேசி பாடிய நாதகுத்தனாரும் பத்திரை மலை இறங்கியதைப் பாடியிருக்கலாமே, நூல்தான் நம் கைக்கு வரவில்லை என்று ஒரு விடுமுறையில் ஐயாவைப் பார்த்தபோது வாதாடினேன். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். "இருக்கலாம். எங்கயாவது ஏடு கெடச்சா கொண்டாந்து காட்டு, அப்புறம் பேசலாம்" என்றார்.