என்ன அலுவலா கொழும்புக்கு?

எங்கள் ஊரில் யாராவது கொழும்புக்குப் போகிறார்கள் என்றால் அதற்கு ஒரு அலுவல் இருக்கும். பாஸ்போர்ட், விசா, கண் ஒப்பரேஷன், இல்லாவிட்டால் கட்டாருக்குப் போகிற மகனை எயார்போட்டில் கொண்டுபோய் விடுவது. அலுவல் முடிந்தால் அன்றிரவே பஸ் ஏறிவிடுவார்கள். கொழும்பில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் கியூவைத்தான் சொல்லுவார்கள். எனக்கு அப்படி ஒரு அலுவலும் வாய்க்கவில்லை. தம்பியை வழியனுப்ப ஒரு தரம் கட்டுநாயக்க வரைக்கும் போனேன், அது கொழும்பே இல்லையாம். இப்படியே 43 வயதாகிவிட்டது.

மட்டக்களப்பு கல்லடியில் வீட்டோடு ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடச் சீருடையும் சாரி பிளவுசும்தான் சோறு போடுகின்றன. சீருடை நெரிசல் முடிந்த கையோடு, கொழும்பைப் பார்த்துவிட்டு வருவோம் என்று இரவுக் கோச்சிக்கு டிக்கட் போட்டேன். தனியாக. அம்மா முதலில் கேட்டது, "என்ன அலுவலா?" என்றுதான்.

"ஒரு அலுவலும் இல்ல. சும்மா பார்க்க."

"வெளியில சொல்லாத புள்ள. சிரிப்பாங்க."

சிரிக்கவில்லை. அலுவல் இல்லாமல் ஒருத்தி போகிறாள் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு அலுவல் தந்தார்கள். மச்சாளுக்கு ஒரு மிக்சி ஜார் மூடி. பெரியம்மாவுக்கு கால் வலித் தைலம், அதுவும் பச்சை லேபல் ஒட்டியதுதான் வேண்டும். எதிர் வீட்டு அக்கா 500 ரூபாய்த் தாளை நாலாய் மடித்துக் கையில் வைத்து, "கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திட்டு வாகா" என்றார். அதற்கு மட்டும் மறுபேச்சுப் பேசவில்லை.

எங்கள் ரயில் ஒன்றுக்கு மீனகயா என்று பெயர். வாவியில் பாடும் மீனை நினைத்து வைத்த சிங்களப் பெயர். இரவில் காட்டுப் பகுதியில் ரயில் மெதுவாகப் போனால் எல்லோரும் யன்னலைப் பார்ப்பார்கள். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் ரயிலில் அடிபட்டு ஆறு யானைகள் செத்தன. அன்று நானும் பார்த்தேன். இருட்டும் என் முகமும்தான் தெரிந்தன. பொலன்னறுவை எப்போது போனது என்றே தெரியாது.

விடியும் முன்னே கோட்டை ஸ்டேஷன். வாசலில் பௌத்தப் பள்ளிக்கூடங்களுக்குப் பாடுபட்ட அமெரிக்கர் ஒல்கொட் சிலையாக நிற்கிறார். நான் கோட்டையைத் தேடினேன். உண்மையாகத்தான். எங்கள் ஊரில் போர்த்துக்கேயர் 1628 இல் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை இன்றைக்கும் வாவிக் கரையில் இருக்கிறது. கோட்டை என்று சொன்னால் கையால் தொட்டுக் காட்டலாம். இங்கே சுவரை 1870 ஐ ஒட்டி ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள். ஆனாலும் உள்ளே கோட்டை, வெளியே புறக்கோட்டை என்று பெயர் மட்டும் இல்லாத மதிலுக்கு இரண்டு பக்கமும் நிற்கிறது.

லொட்ஜ் இருக்கிற வெள்ளவத்தைக்குப் போக வெளியே ஓட்டோக்காரர் சொன்ன காசில் ஊரில் ஒரு பிளவுஸ் தைத்துக் கொடுத்துவிடுவேன். திரும்ப ஸ்டேஷனுக்குள்ளே போய்க் கரையோர ரயிலில் ஏறினேன். நல்லதாய்ப் போயிற்று. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கருங்கல், அதற்கு அந்தப் பக்கம் கடல், அவ்வளவுதான். சில இடங்களில் அலை தெறித்து யன்னலுக்கு வந்துவிடும் போல இருந்தது. எதிரில் இருந்த பையன் போனில் படம் பிடித்தான். நான் பையை மடியில் இறுக்கிக்கொண்டேன். 2004 சுனாமியின்போது கல்லடியில் இருந்தவர்களுக்கு இந்தத் தூரம் போதாது. இதே பாதையில் தெற்கே, பெரலியவில்தான் அன்று கடல் ஒரு ரயிலையே புரட்டி ஆயிரம் பேருக்கு மேல் கொண்டுபோனது. வெள்ளவத்தை ஸ்டேஷனில் இறங்கியதும்தான் மூச்சு ஒழுங்காக வந்தது.

லொட்ஜ் முகாமையாளர் யாழ்ப்பாணத்து ஐயா. மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தனியவோ வந்தனீங்கள்?"

"ஓம்."

"என்ன அலுவல்?"

பெரிய கோடு போட்ட கொப்பியில் வந்த நோக்கம் என்று ஒரு கட்டம். சும்மா பார்க்க வந்தேன் என்றேன். பேனாவைக் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்தபடி இருந்தார், பிறகு "சொந்த அலுவல்" என்று எழுதினார். இந்தக் கொப்பியை நான் குறை சொல்ல மாட்டேன். யுத்த காலத்தில் எங்கள் ஆட்கள் கொழும்பில் ஓர் இரவு தங்குவதற்கும் பொலிஸ் பதிவு வேண்டும். 2007 ஜூனில் லொட்ஜ்களில் இருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள், அடுத்த நாளே உயர் நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியது. சும்மா வந்தேன் என்பது அப்போது ஒரு பதிலே இல்லை. ஐயாவின் பேனா தயங்கியது பழக்கத்தில்தான் என்று நினைக்கிறேன்.

குளித்து, சைவக் கடையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, புறக்கோட்டைக்குப் புறப்பட்டேன். 100 ஆம் நம்பர் பஸ் என்று ஐயா சொல்லியிருந்தார். இங்கேதான் மானம் போனது.

கல்லடியில் நாங்கள் டவுனுக்குப் போவது எப்படியென்றால், கடலுக்கு முதுகைக் கொடுத்துப் பெரிய ரோட்டுக்கு வரவேண்டும், ரோட்டைக் கடக்கவேண்டும், வலக் கைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறவேண்டும். நாற்பது வருடமாக உடம்புக்குத் தெரிந்த வழி. வெள்ளவத்தையிலும் கடல் முதுகுப் பக்கம், முன்னால் காலி வீதி. கடந்தேன், வலப் பக்கம் போன 100 இல் ஏறினேன். கொண்டக்டர் என்னவோ கத்தினார், நான் நம்பரை மட்டும் பார்த்தேன். சீட்டும் கிடைத்தது. பஸ் ஒரு மேம்பாலத்தில் ஏறும்போது பக்கத்தில் இருந்த பெண்ணிடம் "பிட்டகொட்டுவ?" என்று புறக்கோட்டையைச் சிங்களத்தில் கேட்டேன். அவர் சிரிக்காமல், கையால் பின்பக்கத்தைக் காட்டினார். தெஹிவளை. பஸ் பாணந்துறைக்குப் போகிறது.

எங்களுக்குக் கடல் கிழக்கே. இவர்களுக்கு மேற்கே. பள்ளிக்கூடத்தில் இலங்கைப் படம் எத்தனை தரம் கீறியிருப்பேன்! ஆனால் அது தலைக்குத்தான் தெரியும், காலுக்குத் தெரியாது. அந்த இரண்டு நாளும் ஒவ்வொரு சந்தியிலும் ஒரு விநாடி நின்று, நினைத்ததற்கு மறுபக்கம் திரும்பினேன். எல்லாம் சரியாக வந்தது.

புறக்கோட்டையைப் பற்றி மட்டும் நாள் முழுக்க எழுதலாம். வாசலில் பார்சிக் குடும்பம் ஒன்று தகப்பன் நினைவாகக் கட்டிய கான் மணிக்கூட்டுக் கோபுரம், 1923. அதைத் தாண்டினால் நடைபாதை என்ற ஒன்று கிடையாது. மூட்டை தூக்குகிறவர்களும் கைவண்டி தள்ளுகிறவர்களும் வருகிற வேகத்துக்கு நாங்கள்தான் ஒதுங்கவேண்டும். அவர்களைச் சிங்களத்திலும் நாட்டாமி என்றுதான் கூப்பிடுகிறார்கள், எங்கள் நாட்டாமைதான். தலையில் ஆறு துணி ரோல்களோடு ஒருவர் "பாரம், பாரம்" என்று கத்திக்கொண்டு வந்தார். தமிழில் கத்தினாரே என்ற சந்தோஷத்தில் நின்று பார்த்தேன், தோளில் ஒரு இடி வாங்கினேன்.

குறுக்குத் தெருக்களில் பொத்தானுக்கு ஒரு கடை, லேசுக்கு ஒரு கடை, சிப்புக்கு மட்டும் ஒரு கடை. சுவர் முழுக்க நிறவாரியாக நூல் கட்டைகள். நான் ஊரில் சிவப்பு என்று ஒன்று வைத்திருக்கிறேன், இங்கே எண்ணினேன், பதினேழு சிவப்பு. கடைக்காரர் வயதான முஸ்லிம் ஐயா.

"மட்டக்களப்பா மகள்? பேச்சில தெரியுது. என்ன அலுவலா வந்த?"

"சும்மா, கொழும்பு பார்க்க."

"கொழும்பு பார்க்க வந்து சிப்புக் கடைக்குள்ள நிக்கிறீங்களே!"

அவர் சொன்னது நியாயம். டசின் விலையைச் சொன்னார். எங்களுக்குச் சாமான் கொண்டுவந்து தருகிற வியாபாரியின் விலையில் அது பாதிக்கும் குறைவு. பன்னிரண்டு வருடமாக அந்த மனிதருக்குப் பிளேன்டியும் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஐந்து டசின் வாங்கினேன். அலுவல் இல்லாமல் வந்தவளுக்கு அலுவல் பையில் ஏறிவிட்டது.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளிவாசல். 1909 இல் கட்டி முடித்தது. சிவப்பும் வெள்ளையுமாக ஒரு இடம் விடாமல் கோடும் கட்டமும் சுருளும். தையல்காரிக்கு அதைப் பார்த்ததும் வேறு நினைப்பு வராது, இத்தனை கோட்டையும் மூட்டில் மூட்டில் எப்படிப் பொருத்தினார்கள்? கோடு போட்ட துணியில் ஒரு சட்டைக் கையைப் பொருத்தவே எனக்கு அரை நாள் போகும். கழுத்து நோகும் வரைக்கும் பார்த்தேன்.

அங்கிருந்து செட்டியார் தெரு. நகைக் கடை, நகைக் கடை, நடுவில் ஆடிவேல் விழாத் தேர் புறப்படுகிற கதிரேசன் கோயில். நகை எனக்குத் தேவையில்லை, வேகமாய்க் கடந்தேன்.

கொச்சிக்கடைக்கு நடந்தே போனேன். செவ்வாய்க்கிழமை அந்தோனியாரின் நாள், சனம் அதிகம். பொட்டு வைத்தவர்கள் பாதிப் பேர், அதனால் நானும் வித்தியாசமாய்த் தெரியவில்லை. 500 ரூபாய்க்கும் மெழுகுதிரி வாங்கினேன். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலை, இங்கே குண்டு வெடித்த அதே நேரத்தை ஒட்டித்தான் எங்கள் ஊர் சீயோன் தேவாலயத்திலும் வெடித்தது. அங்கே உயிர் போனது நிறையப் பிள்ளைகளுக்கு. எதிர் வீட்டு அக்கா அந்த வருடம் என்னிடம் தைக்கக் கொடுத்த ஒரு சின்னச் சட்டையை வாங்கிப்போகவே இல்லை. நான் கேட்டதும் இல்லை. மெழுகுதிரிகளை ஒன்று ஒன்றாகக் கொளுத்தினேன், காற்றில் இரண்டு அணைந்தன, திரும்பக் கொளுத்தினேன். பக்கத்துத் தெருவில் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லிலேயே கட்டுவித்த சிவன் கோயில். உள்ளே குளிர்ச்சி. ஒரு தூணடியில் அரை மணித்தியாலம் இருந்தேன், ஒன்றும் கேட்டுக் கும்பிடவில்லை.

பின்னேரம் காலிமுகத்திடல். 2022 போராட்டத்தில் கூடாரங்களோடு தொலைக்காட்சியில் பார்த்த இடம் இப்போது பட்டமும் குடைக்குள் சோடிகளுமாக இருந்தது. ஒரு பக்கம் 1864 இலிருந்து நிற்கிற ஹோட்டல், மறுபக்கம் கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயர் துறைமுக நகரம். தூரத்தில் தாமரைக் கோபுரம். அதில் நான் ஏறவில்லை. கொழும்பைக் கீழேயிருந்து பார்க்கவே எனக்கு இரண்டு நாள் போதவில்லை.

இறால் வடை ஒன்று வாங்கினேன். முழு இறால், ஓட்டோடு, வடைக்கு மேலே குத்தவைத்த மாதிரி. வாவி இறால் தின்று வளர்ந்த நாக்குக்கு இறால் சுமார்தான், வடை நல்லது. ஒரு சிங்களக் குடும்பம் போனைத் தந்து படம் எடுக்கச் சொன்னது. எடுத்துக் கொடுத்ததும் அந்த அம்மா கேட்டார், "தனியமத?" தனியாகவா என்று. ஓம் என்று தலையாட்டினேன். தன் பையிலிருந்து ஒரு கடலைச் சுருளை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அப்புறம் சூரியன் இறங்கியது. என் வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் கடல், பிறந்ததிலிருந்து அதற்குள்ளிருந்து சூரியன் மேலே வருவதைத்தான் பார்த்திருக்கிறேன். இங்கே கீழே போகிறது. பிழையாகத் தைத்ததைப் பிரிப்பது போல, நாளைப் பின்பக்கமாக யாரோ இழுக்கிறார்கள். கடலில் தொட்டதும் சத்தம் வரும் என்று ஒரு மடத்தனமான எண்ணம். வரவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவர்களுக்கு இது ஒவ்வொரு நாளும் நடக்கிறது.

அடுத்த நாள் நூதனசாலை. 1877 இல் திறந்த வெள்ளைக் கட்டடம். கண்டி அரசனின் சிம்மாசனத்துக்கு முன்னால்தான் கூட்டம். நான் பொலன்னறுவை வெண்கலச் சிலைகளோடு நின்றுவிட்டேன். இடுப்புத் துணியின் மடிப்பைப் பாருங்கள். அதைச் செய்தவன் துணியைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறான். வரும்போது இருட்டில் தவறவிட்ட பொலன்னறுவையை இங்கே கண்டேன். பின்னேரம் வெள்ளவத்தைக்குத் திரும்பி மூடியையும் தைலத்தையும் தேடினேன். மூடி கிடைத்தது. பச்சை லேபல் தைலம் எந்த மருந்துக் கடையிலும் இல்லை, சிவப்பு லேபல் வாங்கினேன். அன்றிரவே கோச்சி. இந்தத் தரம் யானையைப் பார்க்க விழித்திருக்கவில்லை.

தைலத்தைக் கொடுக்கப் போனபோது பெரியம்மா லேபலைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு, "கொழும்பில என்ன பார்த்தாய்?" என்றார்.

"கடலுக்குள்ள சூரியன் போறதப் பார்த்தன்."

"அதுக்கா இவ்வளவு காசு குடுத்துப் போனாய்? கல்லடிப் பாலத்தில நிண்டா வாவிக்குள்ள போறதக் காசில்லாமப் பார்க்கலாமே."