பழைய ரெக்கார்டு: எதைக் கடையில் எடுப்பது, எதைத் தபாலில் வரவழைப்பது

நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டைத் தபாலில் வாங்காதீர்கள். இ.பி.யைக் கடையில் போட்டுக் கேட்டுவிட்டு வாங்குங்கள். எண்பதுகளில் வந்த எல்.பி.யை (12 அங்குலப் பெரிய தட்டு) இணையத்தில் தைரியமாக வாங்கலாம். பழைய தமிழ்ப் படப் பாட்டு இசைத்தட்டுகளைச் சேர்க்கத் தொடங்குபவருக்கு இந்த மூன்றும் நினைவிருந்தால் பாதிப் பணம் மிச்சம்.

காரணம் அந்தத் தட்டுகள் வாழ்ந்த வாழ்க்கையில் இருக்கிறது. 78 சுற்றுத் தட்டு ஷெல்லாக் என்ற அரக்கில் ஆனது, கண்ணாடி மாதிரி உடையும். இ.பி. என்பது 7 அங்குலத் தட்டு, பெரும்பாலும் நாலு பாட்டு, விலை குறைவு. அதனால் வீட்டுக்கு வீடு இருந்தது, தேயத் தேய ஓடியது. சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகும் பிளேயர்களில் இருந்த செராமிக் கார்ட்ரிட்ஜ் (முள் பொருத்திய பாகம்) தட்டை 5 கிராமுக்கும் மேல் அழுத்தி ஓட்டும். இன்றைய பிளேயரில் அந்த எடை 2 கிராமை ஒட்டி இருக்கும். எண்பதுகளில் காசெட் வந்ததும் ஜனங்கள் தினம் கேட்டது காசெட்டைத்தான். அந்தக் கால எல்.பி.கள் பலவும் அதிகம் உழைக்காமலே அலமாரியில் தங்கிவிட்டன.

கடைக்குப் போகும்போது ஒரு சின்ன டார்ச் போதும். சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தபின் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறிய கடைகளானாலும் சரி, எந்த ஊர்ப் பழைய சாமான் கடையானாலும் சரி, இந்த மாதிரிக் கடைகளில் டியூப் லைட் வெளிச்சம் எல்லாக் கீறலையும் மறைத்துவிடும். தட்டை ஓரத்திலும் லேபிளிலும் மட்டும் பிடித்து, டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். தலைமுடி மாதிரி மெல்லிய கோடுகளைப் பற்றிக் கவலை வேண்டாம், அவை பெரும்பாலும் காதில் விழாது. நகத்தை லேசாக ஓட்டும்போது தட்டுப்படும் கீறல்தான் சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்று அடிக்கும், அல்லது முள்ளைத் தாண்ட வைக்கும்.

கீறலைவிட மோசமானது தேய்மானம். தட்டு பளபளப்பு போய் சாம்பல் பூத்த மாதிரி இருந்தால், முள் ஓடும் பள்ளத்தின் சுவரே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். எந்தத் திரவத்தில் கழுவினாலும் திரும்பி வராது. நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் கிறுக்கினாற்போல் நிறையக் கோடுகள் இருந்தால் தட்டு நூற்றுக்கணக்கான தடவை ஏறி இறங்கியிருக்கிறது. லேபிளில் 'சவுண்ட் சர்வீஸ்' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தால் கீழே வைத்துவிடலாம். கல்யாணத்துக்குக் கல்யாணம் குழாய் ஸ்பீக்கரில் அலறிய தட்டு அது. உறையின் அழகுக்காக வாங்குவதானால் வேறு விஷயம்.

போட்டுக் காட்டச் சொன்னால் கடைக்காரர் முதல் பாட்டைப் போடுவார். கடைசிப் பாட்டைக் கேளுங்கள். 33⅓ சுற்றில் ஓடும் எல்.பி.யில் வெளி ஓரத்தில் முள்ளுக்கு அடியில் நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளம் கடக்கிறது, லேபிளை ஒட்டி வரும்போது அது 21 ஆகச் சுருங்கிவிடுகிறது. அதே ஒலியை அத்தனை குறுகிய இடத்தில் நெருக்கி வைத்திருப்பதால் தேய்மானம் முதலில் கேட்பது அங்கேதான். பெண்குரல் உச்சத்தில் 'ச', 'ஸ' எல்லாம் சீறினால் தட்டு முடிந்தது. இரண்டு பக்கத்திலும் கடைசிப் பாட்டில் அரை நிமிஷம் போதும். முழுதும் ஓடவிடாதீர்கள், கடை பிளேயரின் மழுங்கின முள் நீங்கள் வாங்கப்போகும் தட்டையே தின்னும். நாதஸ்வரமோ வயலினோ நீட்டிப் பிடிக்கும் சுரம் அலைந்தால் முள்ளைத் தாங்கும் டோன் ஆர்மைக் கவனியுங்கள்: அது இடமும் வலமும் ஆடினால் ஓட்டை மையத்தில் இல்லை, ஆடாவிட்டால் கடை பிளேயரின் பெல்ட்டைச் சந்தேகப்படலாம்.

உறைக்குள் வேறு தட்டு இருப்பது சர்வ சாதாரணம். உறையின் எண்ணும் லேபிளின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அது பாட்டுத் தட்டா, கதை வசனத் தட்டா என்பதையும் பாருங்கள். அதே படம், அதே முகம், வீட்டுக்கு வந்து போட்டால் இரண்டு பக்கமும் வசனம்.

இணையத்தின் பலம் தேடுவதில் இருக்கிறது. 2000-இல் தொடங்கிய, இசைத்தட்டு விவரங்களும் விற்பனையும் உள்ள டிஸ்காக்ஸ் தளத்தில் ஒரே படத்தின் பதிப்புகள் தனித்தனியாகப் பதிவாகியிருக்கும். கொலம்பியா, ஓடியன், ஏஞ்சல், எச்.எம்.வி. என்று பல லேபிள்களில் வெளியிட்டது ஒரே கிராமபோன் கம்பெனிதான். முதல் பதிப்பு ஒரு லேபிளிலும் மறுபதிப்பு இன்னொன்றிலும் வந்திருக்கலாம். பார்கோடு இல்லாத காலத்துத் தட்டுகள், எனவே லேபிளில் உள்ள எண்ணைத் தட்டச்சு செய்து தேடுங்கள். லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் கீறியிருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணை (அச்சின் அடையாள எண்) விற்பவரிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லி ஒப்பிடுங்கள். டிஸ்காக்ஸ் காட்டும் நடுவிலையை (முன்பு விற்ற விலைகளின் நடு மதிப்பு) வேதவாக்காக எடுக்க வேண்டாம். தமிழ்த் தட்டுக்கு அது இரண்டு மூன்று விற்பனையை வைத்துக்கூட வந்திருக்கும்.

தரக் குறியீட்டில் 'வி.ஜி. பிளஸ்'ஸுக்குக் கீழே இறங்காதீர்கள். பெயர்தான் 'வெரி குட்', ஆனால் வெறும் 'வி.ஜி.' என்றால் மென்மையான இடங்களில் இரைச்சல் கேட்கும் என்று பொருள். 'ஜி' என்பது 'குட்', ஆனாலும் நல்லது இல்லை. தட்டுக்கும் உறைக்கும் தனித்தனி மதிப்பு உண்டு, இரண்டையும் படியுங்கள். விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: போட்டுக் கேட்டு மதிப்பிட்டீர்களா, கண்ணால் பார்த்தா? கண்ணால் பார்த்தது என்றால் மனதுக்குள் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வாங்கும்போது கடைசிப் பாட்டு ஓடும் வீடியோவைக் கேளுங்கள். 'சூப்பர் கண்டிஷன்' என்ற வார்த்தைக்கு எந்த மதிப்பும் கிடையாது.

அனுப்பும்போது தட்டை உறைக்கு வெளியே எடுத்து, உள்ளுறையோடு பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். உள்ளேயே இருந்தால் கூரியரில் விழுகிற ஒவ்வொரு அடிக்கும் தட்டு உறையின் ஓரத்தைக் கிழிக்கும். இரு பக்கமும் நெளிவு அட்டை, ஒன்றின் கோடு நெடுக்காகவும் மற்றதன் கோடு குறுக்காகவும். ஒரு எல்.பி. உறையோடு சுமார் கால் கிலோ, ஆனால் கட்டும் பெட்டியோடு அரைக் கிலோவை நெருங்கும். அதனால் ஒருவரிடமே நாலைந்து தட்டாக எடுப்பதுதான் கணக்கு. வெளிநாட்டிலிருந்து வரும் பொருளுக்குச் சுங்கவரி தட்டின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவையும் சேர்த்த தொகைக்கு என்பதை மறந்துவிட்டு 'மலிவாகக் கிடைத்தது' என்று குதிப்பவர்கள் அதிகம். ஏப்ரல், மே மாதங்களில் தள்ளிப் போடுங்கள்: வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வினைல் (எல்.பி., இ.பி. செய்யும் பிளாஸ்டிக்) நெளிந்துவிடும். பெட்டியைப் பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே வாங்கினாலும் முதலில் கழுவுங்கள். மூன்று பங்கு காய்ச்சி வடித்த நீர், ஒரு பங்கு ஐசோப்ரொபைல் ஆல்கஹால், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். லேபிள் நனையாமல், பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, கடைசியில் வெறும் வடிநீரால் இன்னொரு தடவை. இது வினைலுக்கு மட்டும். ஷெல்லாக்கில் ஆல்கஹால் பட்டால் தட்டே கரையும். 78-க்கு முள்ளும் வேறு: எல்.பி. முள்ளின் முனை ஆரம் 18 மைக்ரான், 78-க்குச் சுமார் 75. மெல்லிய முள்ளைப் போட்டால் பள்ளத்தின் அடியில் உருண்டு அழுக்கைத்தான் பாடும்.

பழைய பி.வி.சி. பிளாஸ்டிக் உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். வருஷக்கணக்கில் ஒட்டியிருந்தால் தட்டின் மேல் பனி படிந்தாற்போல் ஒரு மங்கல் ஏறும், கழுவினாலும் அது போவதில்லை.