கொக்கட்டிச்சோலை நந்தியும் வயலில் படுத்திருந்த மாடும்

மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படும் வரைக்கும், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் இருக்கும் கொக்கட்டிச்சோலைக்குப் போவதென்றால் துறையில் நின்று பாதைக்குக் காத்திருக்க வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது வாவியைக் கடக்கும் மிதவையை. ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் நெல் மூட்டைகளும் ஒன்றாக ஏறும். சின்ன வயதில் மாமியின் சேலையைப் பிடித்துக்கொண்டு அதில் போனது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இப்போது ஆரையம்பதி தாண்டி மேற்கே திரும்பினால் ஆட்டோவிலேயே போய் இறங்கிவிடலாம். ஆனாலும் பாலத்தின் நடுவில் வரும்போது மாமி கைகூப்பினார். துறையைக் கடக்கும்போது கும்பிடும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

இந்தப் பங்குனியில் நாங்கள் போனது ஒரு நேர்த்திக்காக. மாமியின் பசு கன்று ஈன முடியாமல் ஓர் இரவு முழுக்கப் பட்ட பாட்டைப் பார்த்து, தாயும் கன்றும் பிழைத்தால் கொக்கட்டிச்சோலைச் சிவன் தான்தோன்றீஸ்வரருக்குப் பால் கொண்டு வருவேன் என்று நேர்ந்துவிட்டார். இரண்டும் பிழைத்தன. கடும்புப்பால் நாட்கள் கழிந்து, பால் நன்றாகத் தெளிந்த பிறகு, அதில் ஒரு செம்பு கறந்து வாழையிலையால் வாய்கட்டி எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். பிரதோஷ நாளாகவும் அமைந்தது.

வாவிக்குக் கிழக்கே சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, மேற்கே அது படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் கடைகளும் வீதியும் நெரிசலும். பாலம் கடந்தால் வயல், குளம், மாட்டுப்பட்டி. அறுவடை முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வீதியின் ஒரு பாதியில் நெல் காயப் போட்டிருந்தார்கள். ஆட்டோக்காரத் தம்பி ஒரு மணியும் சக்கரத்தில் படாமல் ஓரமாக ஓட்டினார். யாரும் அவரிடம் அப்படி ஓட்டச் சொல்லவில்லை.

வெளியூர்க்காரர்களில் பலர் கொக்கட்டிச்சோலை என்ற பெயரை 1987 இலும் 1991 இலும் நடந்த படுகொலைகளோடுதான் கேள்விப்பட்டிருப்பார்கள். மகிழடித்தீவில் நினைவுத்தூபி இருக்கிறது. அதைத் தாண்டிப் போகும்போது நாங்கள் பேசுவதில்லை. அதே மண்ணில்தான் இந்தக் கோயிலும் இருக்கிறது. அந்தக் காலங்களிலும் சனங்கள் அழுதுகொண்டு போய் நின்ற இடம் இது.

கோயிலின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். காட்டில் ஒரு வேடன் கொக்கட்டி மரத்தை வெட்ட, அதிலிருந்து இரத்தம் பெருகியதாம். பயந்துபோய்த் தன் துணியால் மூடினானாம். அங்கே இலிங்கம் தானாகத் தோன்றியிருந்தது. உளி படாத இலிங்கம் என்பதால்தான் தான்தோன்றீஸ்வரர். ஓர் ஊருக்கு மட்டுமல்லாமல் பிரதேசம் முழுவதற்கும் பொதுவான, மட்டக்களப்பின் தேசத்துக் கோயில்களில் இது ஒன்று. கோயில் பொறுப்பாளர்களான வண்ணக்கர்மாரும், குடிகள் என்னும் தாய்வழிக் குலத்தாரும் தங்கள் தங்கள் உரிமைகளை இன்றும் முறை தவறாமல் பார்க்கிறார்கள். தேரோட்டத்துக்கும் பெயர் போனது. வடக்கயிற்றில் கை வைக்க இடம் கிடைக்காத கூட்டத்தில் நான் நின்றிருக்கிறேன். ஆனால் கூட்டமில்லாத ஒரு நாளில் வந்தால்தான் இந்தக் கோயிலின் அமைதி தெரியும். வெயில் மணலில் விழுந்து கிடந்தது. எங்கோ ஒரு புறா. மணி அடித்து ஓய்ந்த பிறகும் அதன் நாதம் கொஞ்ச நேரம் காதில் நின்றது.

பாலைக் கொடுத்துவிட்டு மாமி உள்ளே பார்த்தபடி நின்றார். நான் நந்தியின் பக்கம் வந்தேன்.

இந்த நந்தியைப் பற்றித்தான் படுவான்கரையில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வார்கள். பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், கோயிலை இடிக்க வந்தபோது, இந்தக் கல் மாடு புல் தின்னுமா என்று கேலியாகக் கேட்டார்களாம். புல்லை நீட்டியதும் கல் நந்தி அதைத் தின்று, எழுந்து நின்று, சாணமும் இட்டதாம். வந்தவர்கள் வெலவெலத்து ஓடிவிட்டார்கள். இதை வெறும் கதை என்று நினைப்பவர்கள் அந்தக் காலத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். திருகோணமலையில் கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தது 1622 இல். அந்தக் கோயிலின் கற்கள் கோட்டைச் சுவருக்குப் போயின. மட்டக்களப்பில் அவர்கள் கோட்டை கட்டியது 1628 இல். அதாவது அந்தப் பயம் வாவியின் அக்கரைக்கே வந்துவிட்டது. அந்தப் பயத்தின் முன்னால் இந்தச் சனங்கள் ஒரு மாட்டை நிறுத்தினார்கள். சிங்கத்தையோ வாளேந்திய பூதத்தையோ அவர்கள் நினைக்கவில்லை. புல் தின்னும் ஒரு மாட்டைத்தான் நினைத்தார்கள். உள்ளே உளி படாத கடவுள். வெளியே உளியால் செய்த மாடு, அது உயிர்கொண்டு காக்கிறது. எனக்கு இந்த இரண்டையும் சேர்த்து நினைக்கப் பிடிக்கும்.

மதியப் பூசை முடிந்து பிரதோஷத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. பக்கத்து ஊரில் மாமிக்கு ஒரு பழைய உறவு. அங்கே போகும் வழியில் வெயில் தாங்காமல் வயலோரத்து மருதமரத்தடியில் இருந்தோம். அறுத்த வயலில் ஒட்டுத்தாளை மேய்ந்த மாடுகள் நிழலுக்கு வந்து ஒவ்வொன்றாகப் படுத்தன. அவற்றின் பின்னால் ஒரு வயதான ஐயா, தோளில் துவாய், கையில் ஒரு கம்பு. கம்பை அவர் மாட்டின் மேல் ஓங்கி நான் பார்க்கவில்லை. ஊன்றுவதற்குத்தான் வைத்திருந்தார் போல.

எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டார். கோயிலுக்கு என்றேன். நந்தியின் கதையைப் பற்றி ஏதோ சொன்னேன். அவர் சிரித்தார், கேலிச் சிரிப்பு அல்ல.

"மாடு பசியில படுக்காது மனே. பசிச்சா நடக்கும், நிண்டு பார்க்கும். வயிறு நிறையத் திண்டாத்தான் காலை மடிச்சுப் படுத்து அசைபோடும். கோயில்ல நந்தி எப்பிடி இருக்கு? படுத்துத்தானே இருக்கு? திண்டு முடிச்ச மாடு அது. புல் திண்டிச்சாமோ எண்டு கேட்கிறாங்க. பார்த்தாத் தெரியாதா?"

எனக்குப் பதில் வரவில்லை. எத்தனை வருடம் அந்த நந்தியைக் கும்பிட்டிருக்கிறேன். அது எந்த நேரத்து மாடு என்று ஒருநாளும் யோசித்ததில்லை. சிற்பத்தைப் பார்ப்பது என்றால் நெற்றிப்பட்டம், கழுத்து மணி, திமில் என்று செதுக்கு வேலையைப் பார்ப்பது என்றுதான் இருந்தேன். அதைச் செய்த சிற்பி யாரோ, அவரும் முதலில் ஒரு மரத்தடியில் இருந்து இப்படித்தான் மாடுகளைப் பார்த்திருப்பார்.

ஐயாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. எந்த மாடு எப்போது கன்று போட்டது, எது முதலில் தண்ணிக்கு இறங்கும், எது பட்டிப்பொங்கல் அன்று மாலையைத் தானே தின்றது என்று ஒவ்வொன்றையும் காட்டிச் சொன்னார். பெரும்போகத்தில் வயல் விதைத்துவிட்டால் மாடுகளுக்கு இங்கே இடமில்லை, தூரத்து மேய்ச்சல் தரைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். மயிலத்தமடு, மாதவணைப் பக்கத்து மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் போராடத் தொடங்கியது நாங்கள் அறிந்ததுதான். அந்தப் பேச்சு வந்ததும் அவர் கொஞ்சம் நிறுத்தினார். "மாடு என்னத்தைக் கேட்குது, புல்லுத்தானே" என்றார். மறுகா ஒன்றும் சொல்லவில்லை.

நாங்கள் கிளம்ப எழுந்தபோது அருகில் படுத்திருந்த ஒரு சிவலை மாடும் எழும்பியது. "பாருங்க மனே, எழும்பக்குள்ள பின்னங்காலைத்தான் முதல்ல ஊண்டும்" என்றார். அப்படித்தான் செய்தது. பின்பக்கம் முதலில் உயர, முன்னங்கால்கள் இன்னும் மண்டியிட்டபடி இருக்க, ஒரு கணம் அந்த மாடு யாரையோ வணங்குவது போல இருந்தது. அப்புறம் முழுதாக எழுந்து, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு நடந்தது.

வரப்பில் கொஞ்சம் அருகம்புல் இருந்தது. மாமி குனிந்து பிடுங்கினார். நானும் பிடுங்கினேன். மாமியின் சேலைத் தலைப்பில் நூல் பிரித்து ஆட்டோவிலேயே அதைக் கட்டினோம். ஒழுங்கான மாலையாக வரவில்லை, கட்டு மாதிரித்தான் இருந்தது.

பிரதோஷத்துக்குக் கோயில் நிறைந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், வயலிலிருந்து நேரே வந்தவர்கள், கைக்குழந்தையோடு ஒரு தாய். ஆலம் உண்ட பெருமான் நந்தியின் கொம்புகளுக்கு நடுவே ஆடிய நேரம் இது என்பார்கள். எல்லோரும் முன்பக்கம் நெருக்கி, கொம்புகளுக்கு நடுவால் உள்ளே பார்க்க முயன்றார்கள். அருகம்புல்லைக் கொடுத்தோம், நந்தியின் முன்னால் வைத்தார்கள்.

நான் முன்னால் நிற்கவில்லை. மெதுவாகச் சுற்றி வந்து, பின்னங்கால் மடிந்திருக்கும் பக்கமாக நின்றுகொண்டேன். எழும்பினால் முதலில் அசையும் இடம் அதுதானே. தீபாராதனையின் வெளிச்சம் கல்லின் மேல் ஏறி இறங்கியது. மாமி கூட்டத்துக்குள்ளிருந்து திரும்பி என்னைத் தேடினார். கண்டதும், முன்னால் வா என்று கையைக் காட்டினார். நான் இங்கேயே நிற்கிறேன் என்று தலையசைத்தேன்.