அமைவுக் கோப்பிலிருந்து பெட்டகத்துக்கு: கடவுச்சொற்களை இடம் மாற்றிய அனுபவம்

தண்டையார்பேட்டையில் நான் பணிபுரியும் சிறிய நிறுவனம், துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் டிரெய்லர்களின் முன்பதிவையும், ஓட்டுநர்களுக்குப் போகும் குறுஞ்செய்திகளையும் கவனிக்கும் மென்பொருளை நடத்தி வருகிறது. அதன் அமைவுக் கோப்பில் தரவுத்தளக் கடவுச்சொல்லும் குறுஞ்செய்திச் சேவையின் சாவியும் நான்கு ஆண்டுகளாக வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தன. இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றாலும், வேலையை விட்டுச் சென்ற ஒருவரின் சொந்த மடிக்கணினியில், நிரலின் பழைய பதிப்புகளையும் சேர்த்து வைக்கும் கிட் களஞ்சியம் முழுவதும் இருப்பது தெரியவந்த நாளில்தான் எங்களுக்கு உறுத்தியது. மைக்ரோசாஃப்டின் மேகக்கணிச் சேவையான அஷ்யூரில், கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் பெட்டகமான கீ வால்ட்டுக்கு அவற்றை மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது.

பெட்டகத்தை உருவாக்குவது கால்மணி நேர வேலை. அஷ்யூரின் தென்னிந்திய மண்டலம் சென்னையிலேயே இருப்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன். பெட்டகத்தின் பெயர் 3 முதல் 24 எழுத்துகளுக்குள்ளும், உலகில் வேறு எவரும் வைத்திராததாகவும் இருக்க வேண்டும் என்பதால், மூன்றாவது முயற்சியில்தான் ஒரு பெயர் அமைந்தது.

பிறகு பைத்தானில் சில வரிகள் எழுதி, சோதனைக்காக ஒரு கடவுச்சொல்லை உள்ளே வைக்க முயன்றபோது 403 பிழை வந்தது. பெட்டகத்தை உருவாக்கியவனே நான். சந்தா எனப்படும் எங்கள் அஷ்யூர் கணக்கில் உரிமையாளர் நிலையும் எனக்கு இருந்தது. அப்படியிருந்தும் அனுமதி மறுக்கப்பட்டது ஏன் என்று கண்டுபிடிக்க அரை நாள் ஆயிற்று. பெட்டகத்தை நிர்வகிக்கும் உரிமை வேறு, அதனுள் இருப்பதைத் தொடும் உரிமை வேறு. எம்.சி. ரோட்டில் கடை கட்டிக்கொடுத்த மேஸ்திரிக்கு யாரும் கல்லாச் சாவியைக் கொடுப்பதில்லை அல்லவா? எனக்கு சீக்ரெட்ஸ் ஆபீசர் என்ற பொறுப்பையும், சர்வருக்குப் படிக்க மட்டும் போதுமான சீக்ரெட்ஸ் யூசர் என்ற பொறுப்பையும் தனித்தனியாக வழங்க வேண்டியிருந்தது. வழங்கிய பிறகும் அது நடைமுறைக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும் என்பது தெரியாமல், கொடுத்ததை நானே இரண்டு முறை நீக்கி மீண்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வேலையை அருகிலிருந்து பார்த்த எங்கள் கணக்காளர் ஐயா, “எல்லாச் சாவியையும் பெட்டகத்துல வச்சுட்டே, சரி. பெட்டகத்தோட சாவியை எங்கே வப்பே, தம்பி?” என்று கேட்டார். இந்தத் துறையில் கேட்கப்பட வேண்டிய முதல் கேள்வி அதுதான். மேனேஜ்டு ஐடென்டிட்டி என்ற வசதி அதற்கு விடையாக இருக்கிறது: சர்வருக்கு அஷ்யூரே ஓர் அடையாளத்தை வழங்கி, குறுகிய காலமே செல்லும் டோக்கன் என்ற நுழைவுச் சீட்டையும் கொடுத்துவிடுவதால், நிரலிலோ கோப்பிலோ கடவுச்சொல் எதையும் எழுதத் தேவையில்லை. நிரலில் டிஃபால்ட் அஷ்யூர் கிரெடென்ஷியல் என்ற வகுப்பைப் பயன்படுத்தினால், சர்வரில் இயங்கும்போது அந்த அடையாளமும், என் மடிக்கணினியில் இயங்கும்போது நான் கட்டளை வரியில் உள்நுழைந்த கணக்கும் தாமாகவே எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

பெட்டகத்தினுள் வைக்கும் கடவுச்சொற்களுக்கும் சாவிகளுக்கும் இடும் பெயர்களில் அடிக்கோடு ஏற்கப்படாது. எழுத்து, எண், சிறுகோடு ஆகியவை மட்டுமே செல்லும். எங்கள் பழைய பெயர்கள் எல்லாவற்றிலும் அடிக்கோடு இருந்ததால், அதைச் சிறுகோடாக மாற்றும் ஒரு சிறு செயற்கூற்றை எழுதிச் சேர்த்தேன்.

என்னை உண்மையில் அலைக்கழித்தது நீக்குதல்தான். சோதனைக்காக வைத்திருந்ததை நீக்கிவிட்டு, அதே பெயரில் உண்மையான கடவுச்சொல்லை வைக்க முயன்றபோது, பெயர் மோதுகிறது என்ற பொருளில் 409 பிழை வந்தது. நீக்கியது அழிந்துவிடவில்லை, மீட்கக்கூடிய நிலையில் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருந்தது. அவ்வாறு இருக்கும் காலத்தைப் பெட்டகத்தை உருவாக்கும்போது 7 முதல் 90 நாள்களுக்குள் வைக்கலாம். எதுவும் சொல்லாவிட்டால் 90 நாள்கள். அடியோடு அழித்துவிடலாம் என்று பார்த்தால், பாதுகாப்புக்கு நல்லது என்று அழிப்புத் தடையை நானே இயக்கி வைத்திருந்தேன். ஒருமுறை இயக்கினால் அதை அணைக்க முடியாது. கடைசியில் நீக்கியதை மீட்டு, அதன்மேல் புதிய மதிப்பை அடுத்த பதிப்பாக எழுதினேன். மீட்பும் உடனே முடிந்துவிடுவதில்லை என்பதால், அது முடியும்வரை நிரல் காத்திருக்கும்படி எழுத வேண்டியிருந்தது. மதிப்பை மாற்றுவதற்கு நீக்கத் தேவையே இல்லை, அதே பெயரில் மீண்டும் எழுதினாலே புதிய பதிப்பு உருவாகிவிடும் என்பதை முதலிலேயே படித்திருந்தால் ஒரு மாலைப்பொழுது மிச்சமாகியிருக்கும்.

கோப்பிலிருந்து கடவுச்சொல்லை எடுத்துவிட்டாலும் கிட் வரலாற்றில் அது இருக்கத்தான் செய்யும் என்பதால், தரவுத்தளத்திலேயே கடவுச்சொல்லை மாற்றுவது என்று முடிவெடுத்து, ஒரு சனிக்கிழமை இரவில் மாற்றினேன். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எண்ணூர் விரைவுச் சாலையில் நின்றிருந்த மேற்பார்வையாளர், “தம்பி, இன்னைக்கு வண்டி லிஸ்ட் வரலையே?” என்று தொலைபேசியில் கேட்டார். அலுவலக மூலையில் இருக்கும் பழைய கணினியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சிறு நிரல், எவருக்கும் நினைவில்லாமல், பழைய கடவுச்சொல்லையே வைத்துக்கொண்டிருந்தது. அதன்பின் தரவுத்தளத்தில் இரண்டு பயனர்களை வைத்து, ஒருவரின் கடவுச்சொல்லை மாற்றிப் பெட்டகத்தில் எழுதி, எல்லா நிரல்களும் புதியதற்கு வந்துவிட்டன என்று பதிவேட்டில் உறுதி செய்த பிறகே மற்றவரின் கடவுச்சொல்லை மாற்றுகிறேன். ஒவ்வொரு கோரிக்கைக்கும் பெட்டகத்தைத் தட்டினால் வேகம் குறைவதால், நிரல் மதிப்பைப் பத்து நிமிடம் நினைவில் வைத்துக்கொள்கிறது. இடையில் தரவுத்தளம் மறுத்தால் மட்டும் ஒருமுறை புதிதாகப் படிக்கிறது.

காலாவதித் தேதியை எழுதி வைத்தால் அந்த நாளுக்குப் பின் பெட்டகம் கொடுக்க மறுத்துவிடும் என்று எண்ணியிருந்தேன். அது மறுப்பதில்லை, தேதி கடந்தாலும் மதிப்பைக் கொடுத்துவிடுகிறது. ஆகவே, பட்டியலை மட்டும் படித்து, முடிவுத் தேதிக்கு 30 நாள்களுக்குள் இருப்பவற்றை எனக்கு மின்னஞ்சலில் அனுப்பும் ஒரு நிரலை எழுதி, அந்த மூலைக் கணினியிலேயே தினமும் ஓடவிட்டிருக்கிறேன். பட்டியலில் பெயரும் தேதியும் மட்டுமே வரும், மதிப்பு வராது என்பதால் அங்கே ஓடுவதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. குறுஞ்செய்திச் சேவையின் சாவியை மாற்றச் சொல்லி முதல் மின்னஞ்சல் சென்ற வாரம் வந்தது.