ஹார்வர்டு பாட்டி

போன சனிக்கிழமை மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங்கில் மாமா கடைக்கு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி பசியாற வந்தார்கள். பழங்காலக் கோயில் சிதைவுகள் இருக்கிற பூஜாங் பள்ளத்தாக்கு பார்க்கப் போகிறார்களாம். எந்த நாடு என்றதற்கு அந்த அம்மா கொஞ்சம் தயங்கி, "கனடா" என்றார். இரண்டாவது தே தாரே (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) வந்த பிறகுதான், "இல்லை, அமெரிக்கா" என்று சிரித்தார். உண்மையைச் சொன்னால் முகம் சுளிப்பார்களோ என்று பயமாம். மாமா சும்மா விடுவாரா? காஸாவைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த ஐயா தலையைக் குனிந்துகொண்டார். மாமா இன்னொரு ரொட்டி சானாயைத் தட்டில் வைத்தார், சரி, அதோடு முடிந்தது.

பாட்டிதான் கலகலப்பு. "நான் ஹார்வர்டு!" என்று நெஞ்சைத் தட்டிக் காட்ட, இருவரும் வாயைப் பிளந்தார்கள். இங்கே இருக்கிற ஹார்வர்டு தோட்டம் அமெரிக்க ரப்பர் கம்பெனி நடத்தியது என்று நான் விளக்க வேண்டியதாயிற்று. பாட்டி அங்கே பால்மரம் சீவியவர். விரலில் இருந்த கத்தித் தழும்பை அந்த அம்மா தொட்டுப் பார்த்தார்.

பில் 14 வெள்ளி (ரிங்கிட்). 20 வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். நம் பக்கம் டிப்ஸ் ஏது? மாமா 6 வெள்ளியோடு கார் வரை ஓடினார்.