தடைக்காலத்தில் படகின் அடியில்

ஏப்ரல் 20, ராயபுரம்

15ஆம் தேதி தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேட்டில் படகுகளைக் கரையேற்றி அடிப்பக்கத்தைச் சுரண்டுகிறார்கள். கொத்துக் கொத்தாக விழுவதில் சிப்பி நிறைய. மற்றதெல்லாம் பழுப்பும் ஊதாவுமாகக் கிளைவிட்டு விரலளவு வளர்ந்தவை. செடி என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் விலங்குகள்.

"இன்னா டீச்சர், பாசியப் பொறுக்கினு போறீங்க?" என்றார் படகுக்கார அண்ணன்.

"இதுக்கெல்லாம் வாய் இருக்குண்ணே" என்றேன். அவர் நம்பவில்லை.

ஏப்ரல் 24

கரையேறிய படகில் இருப்பவை வெயிலில் செத்துப்போகின்றன. அதனால் தண்ணீரிலேயே கிடந்த பழைய கயிற்றுத் துண்டு ஒன்றைக் கடல்நீரோடு வாளியில் கொண்டுவந்தேன். நுண்ணோக்கியில் முதலில் எல்லாம் மூடிக் கிடந்தன. அசையாமல் காத்திருந்ததும் ஒவ்வொன்றாக விரிந்தன.

இரண்டு கூட்டம் தெரிந்தது. ஒன்று ஹைட்ராய்டு, சொறிமீனுக்கும் பவளத்துக்கும் உறவு. காம்பின் நுனியில் ஒரு வாய், சுற்றிலும் கொட்டும் செல்கள் நிறைந்த உணர்கொம்புகள். காம்புகளெல்லாம் அடியில் ஒரே குழாயாகச் சேர்ந்திருப்பதால், ஒரு வாய் தின்றது மற்றவற்றுக்கும் போய்ச் சேரும். இன்னொன்று பிரையோசோவா. இதில் ஒவ்வோர் உயிரும் அரை மில்லிமீட்டர் அளவிலான தனி அறைக்குள் இருக்கிறது. உணர்கொம்புகளில் உள்ள நுண்மயிர்கள் நீரோட்டத்தை உண்டாக்கி, மிதக்கும் நுண்பாசிகளை வாய்க்கு இழுக்கின்றன. மேசையை லேசாகத் தட்டினாலும் சட்டென்று உள்ளே போய்விடுகிறது. ஹைட்ராய்டுக்கு உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே துவாரம். பிரையோசோவாவுக்கோ வாய், குடல், ஆசனவாய் எல்லாம் தனித்தனி. உருவம்தான் ஒத்துப்போகிறதே தவிர, சொந்தம் கிடையாது.

மே 3

படகுக்கார அண்ணன் தன் மகளோடு வந்து பார்த்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "வல இழுக்கசொல்ல கை அரிக்குமே, இதானா?" என்று கேட்டார். ஹைட்ராய்டுகளில் சில வகை அப்படிக் கொட்டும் என்றேன். மகள் நூறு கேள்வி கேட்டாள்.

மே 11

இன்று முழுக்க மன்னார் வளைகுடாத் தீவுகளைப் பற்றித்தான் படித்தேன். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள். கடற்புல்லின் இலை, செத்த பவளம், முத்துச்சிப்பியின் ஓடு என்று எதன்மேலும் இந்த உயிர்கள் படர்கின்றன. அவற்றின் கதையில் நம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சாதிகளைப் பற்றிய ஏழு தொகுதிகளுக்காகவே நாம் அறிந்த எட்கர் தர்ஸ்டன், அங்கே கண்காணிப்பாளராக இருந்தபோது ராமேஸ்வரத்துக் கடலுயிர்களைப் பற்றி எழுதினார். 1927இல் குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றி அருங்காட்சியகமே ஒரு வெளியீடு கொண்டுவந்தது. வளைகுடாவின் இலங்கைப் பக்கம் 1902இல் விலங்கியலாளர் ஹெர்ட்மன் சேகரித்த ஹைட்ராய்டுகளை ஆராய்ந்து 1904இல் அறிக்கை எழுதியவர் ஒரு பெண், லாரா தார்ன்லி. மறு ஆண்டே பிரையோசோவாவையும் எழுதினார். இதைப் பத்தாம் வகுப்புப் பெண்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

அந்தத் தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இப்போது நீருக்கடியில். பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததுதான் முக்கியக் காரணம். பவளம் போனால் இந்தச் சின்ன உயிர்களுக்கு ஒட்ட இடமில்லை. பல பிரையோசோவாக்களின் இளவுயிர் சில மணி நேரமே நீந்தும். அதற்குள் கெட்டியான இடம் கிடைக்காவிட்டால் அவ்வளவுதான். இதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

மே 19

கிண்ணத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னக் குடைகள் துடிக்கின்றன! ஹைட்ராய்டு விட்ட குட்டிச் சொறிமீன்கள். இவை மிதந்து திரிந்து முட்டையும் விந்தும் விடும். அதில் பிறப்பது எங்காவது ஒட்டி, மறுபடி செடி உருவில் வளரும். பாடப்புத்தகத்தில் படமாகப் பார்த்தது என் மேசையில் நடக்கிறது.

ஜூன் 12

படகுகளுக்குச் செம்பு கலந்த பெயிண்ட் அடித்து முடித்தாயிற்று. அடியில் இவை படர்ந்தால் டீசல் கூடுதலாகக் குடிக்கும், அண்ணன் சொல்வது நியாயம்தான். ஆகவே படகைத் தொடாமல், படகுத்துறையில் கண்ணாடித் தகடுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடலாம் என்று கேட்டேன். சரி என்றார். வாரத்துக்கு ஒரு தகடாக எடுத்து, எது முதலில் ஒட்டுகிறது, அப்புறம் எது வருகிறது என்று மாணவிகள் எழுதி வைப்பார்கள். முதல் தகடுகளை அவர் மகளே கட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள்.