டாக்ஸ்ட்ரிங்கில் கருவி நிரப்பாத இடம்

பைதான் நிரல்மொழியில் ஒரு ஃபங்ஷனின் தொடக்கத்தில் எழுதி வைக்கும் விளக்கக் குறிப்புதான் டாக்ஸ்ட்ரிங். அது எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் பெப் 257 வழிகாட்டி 2001-லேயே வந்துவிட்டது. ஒரு ஃபங்ஷன் என்ன செய்கிறது, என்ன வாங்குகிறது, என்ன திருப்பித் தருகிறது, பக்க விளைவு உண்டா, எந்த எக்செப்ஷன் (ஓடும்போது வரும் பிழை) எழும், எந்தச் சூழலில் அதை அழைக்கக் கூடாது என எல்லாவற்றையும் எழுதச் சொல்கிறது. விதி எங்கள் அணியில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பழைய கோடில் உட்கார்ந்து எழுத யாருக்கும் நேரம் இருந்ததில்லை. அதனால் டெர்மினலில் ஓடும் ஒரு ஏஐ கருவியிடம் அந்த வேலையை ஒப்படைத்தோம்.

சாட் பெட்டியில் ஒரு ஃபங்ஷனை ஒட்டிக் கேட்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. இந்தக் கருவி ப்ராஜெக்ட் முழுவதையும் தேடுகிறது. யார் அழைக்கிறார்கள், டெஸ்ட் என்ன எதிர்பார்க்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறது. நாலு அடுக்கு உள்ளே எழும் எக்செப்ஷனைக்கூடத் துருவி எடுத்துவிடும். மனிதர்கள் சலித்துப்போய் விட்டுவிடும் இடம் அது.

ஆனால் முதலில் வந்தவை பெரும்பாலும் பெயரையே விரித்துச் சொல்பவை. 'பயனரின் ஐடியை வாங்கிப் பயனரைத் தரும்' என்பதைப் படிப்பவருக்கு என்ன கிடைக்கும்? கருவி படிக்கும் விதிக் கோப்பில் இரண்டு வரிகள் சேர்த்தோம்: பெயரிலேயே தெரிவதை எழுதாதே, கோடில் ஆதாரம் இல்லாததை ஊகிக்காமல் கேள்வியாக எழுதி வை. இரண்டாவது வரிதான் வேலையின் போக்கையே மாற்றியது.

அதற்கு முன் ஒரு ஃபங்ஷனின் டைம்அவுட் மதிப்பை, அதாவது எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதை, 'விநாடிகளில்' என்று கருவி எழுதியிருந்தது. உண்மையில் அது மில்லிவிநாடி. கருவியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். புதிதாக வருபவரும் அப்படித்தான் படிப்பார். கமெண்டைத் திருத்துவதோடு நிற்காமல், அலகு தெரியும்படி அந்தப் பெயரையே மாற்றினோம்.

இன்னொரு இடத்தில் மூன்று முறை மறுமுயற்சி செய்யும் ஒரு லூப். 'தற்காலிக நெட்வொர்க் பிழைகளைச் சமாளிக்க' என்று கருவி அழகாக எழுதியிருந்தது. கோடில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் வரலாற்றில் அந்த வரிக்கு 'ஃபிக்ஸ்' என்ற ஒற்றைச் சொல் மட்டுமே இருந்தது. அணியின் மூத்தவரிடம் கேட்டபோதுதான், எதிர்முனை சர்வீஸ் சும்மா கிடந்தபின் வரும் முதல் அழைப்பை எப்போதும் நிராகரிக்கும் என்று தெரிந்தது. இது தெரியாமல் யாராவது லூப்பை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! ரிவ்யூவில் எனக்குப் பயம் தருவது இந்த மாதிரி சரளமான வாக்கியம்தான். தவறான கோட் டெஸ்டில் சிக்கும். தவறான கமெண்ட் எதிலும் சிக்காது.

கமெண்ட் எழுதச் சொன்னால் கோடையும் 'சீர்படுத்தும்' பழக்கம் கருவிக்கு உண்டு என்பதால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்தோம். பைதானின் ஏஎஸ்டி மாட்யூல் கோடைத் தொடரியல் மரமாக (அதன் அமைப்பைக் காட்டும் வடிவமாக) மாற்றும்போது சாதாரணக் கமெண்டுகள் உதிர்ந்துவிடும். டாக்ஸ்ட்ரிங் மட்டும் மரத்தில் தங்கும். அதையும் நீக்கிவிட்டு, முன்னும் பின்னும் உள்ள மரங்களை ஒப்பிட்டால் போதும். வேறுபாடு இருந்தால் அந்தக் கமிட் (மாற்றத் தொகுப்பு) உள்ளே வராது.

பெப் 257 கடைசியாகச் சொல்லும் 'எப்போது அழைக்கக் கூடாது' என்பது மட்டும் கருவியால் ஏறக்குறைய நிரப்ப முடியாததாகவே இருந்தது. நாள் கணக்கை முடிக்கும் ஃபங்ஷனை எல்லாப் பதிவுகளும் வந்து சேர்ந்த பிறகே அழைக்க வேண்டும். கோடில் அதற்கு எந்தச் சோதனையும் இல்லை. ஓட்டுபவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். கருவி கேள்வியாக விட்ட இடங்களில் பாதி இந்த வகை. இப்போது ஒவ்வொரு மாட்யூல் முடிந்ததும் அந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு மூத்தவருடன் உட்காருகிறோம். அவர் சொல்லச் சொல்ல, அந்த வரிகளை நாங்களே எழுதுகிறோம். சோதனையாகவே மாற்ற முடிகிற இடங்களில் கமெண்டை விட்டுவிட்டு, கோடிலேயே சோதனையைச் சேர்த்துவிடுகிறோம்.